எழுமலை ஸ்டேஷனுக்கு ஐந்து வேகன்

ஐப்பசி 4, செவ்வாய்

வாப்பா டைரி, சௌக்கியமா? பத்து நாளாக உன்னைத் திறக்கவில்லை. உரக்கடைக்காரர் சும்மா கொடுத்த டைரிதானே என்று இளக்காரம் இல்லை. பெருவிரலில் வெட்டு. வெண்டைக்காய் நறுக்கும்போது. முத்தம்மா கட்டுப் போட்டுவிட்டுச் சொன்னது: "முப்பத்தஞ்சு வருசம் ரயிலுக்கு நடுவுல நின்ன கை, ஒரு வெண்டக்காய்க்குத் தோத்துருச்சே." பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்தால் இப்படித்தான்.

காலையிலிருந்து மூட்டம். மழை வருகிற மாதிரி வந்து அவனியாபுரம் பக்கம் போய்விட்டது. வில்லாபுரத்துக்கு ஒரு தூறல் இல்லை. மாடியில் வத்தலை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவை போட்டேன்.

இன்று:
– சிலிண்டருக்குப் பதிவு. ஆச்சு.
– மு. கண்ணாடிக்கு ஸ்குரு. மறந்தாச்சு.
– சாயங்காலம் ச. பாய் வீடு.

ச. பாய் என்றால் சலீம் பாய். போன வருஷ டைரிக்குச் சொன்னது, உனக்கு எப்படித் தெரியும். கோரிப்பாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. கடைக்கு மேல் வீடு. வீட்டுக்கு மேல் ஒரு ரூம். அந்த ரூமில் மூன்று சுவர் ஓரமும் இடுப்பு உயரத்துக்குப் பலகை போட்டு எங்கள் சின்ன ரயில். வேகன் ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். வாசல் பக்கம் மதுரை யார்டு, ஜன்னல் ஓரம் உசிலம்பட்டி, பீரோ மூலையில் எழுமலை.

எழுமலை நான் பிறந்த ஊர். நிஜத்தில் அங்கே ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் உசிலம்பட்டிக்குத்தான் போக வேண்டும். பலகையில் மட்டும் நான் ரயில் விட்டிருக்கிறேன். எனக்கு வேலை ரயில்வேயில் ஷண்டிங். வேகனைக் கோர்ப்பது, கழற்றுவது, கொடி காட்டுவது. பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. எழுத்துப் படித்ததே ஸ்டேஷன் போர்டைப் பார்த்துத்தான். அதனால் எனக்கு முதலில் வாசிக்கத் தெரிந்ததெல்லாம் ஊர்ப்பெயர். அம்மா, ஆடு எல்லாம் பிற்பாடு.

ஆனால் எங்கள் எழுமலைக்கு இன்னும் போர்டு இல்லை. வெறும் மஞ்சள் அட்டை நிற்கிறது. சலீம் பாய்தான் நிறுத்தி வைத்தார்: "ஸ்டேஷன் நெலைக்கட்டும்ணே, அப்பறம் பேரு எழுதலாம்."

நிலைக்குமா என்பதுதான் இன்றைய சண்டை.

தனசேகர் கிளப்பினான். என் தெருக்காரன், செல்போன் ரிப்பேர் கடை, கோரிப்பாளையத்துக்கு என்னை ஸ்கூட்டரில் ஏற்றிப் போகிறவன். போகும் வழி முழுக்க வாயே திறக்கவில்லை. பாலம் வேலை நடக்கிற இடத்தில் கால் மணி நேரம் நின்றோம், அப்போதும் இல்லை. ரூமுக்குள் போனதும் ஆரம்பித்தான்.

"பாய், அந்த எழுமலைய எடுத்துரலாம். லூப்புல மூணு வேகனுக்கு மேல நிக்காது. அத வச்சு என்ன செய்ய? அந்த மூலைய வளைச்சு ஒரு வட்டம் போட்டம்னா, பாசஞ்சர் ரயிலு சுத்திச் சுத்தி ஓடும். வீட்டுக்கு வாறவங்க பாத்தா அசந்துருவாங்க."

லூப் என்றால் எஞ்சின் சுற்றி வருகிற பக்கத்துத் தடம். எஞ்சின் முன்னால் இழுத்துக்கொண்டு வரும். சில கொட்டகைக்கு வேகனைப் பின்னால் இருந்துதான் தள்ள முடியும். அதற்கு வேகனைக் கழற்றி நிறுத்திவிட்டு, எஞ்சின் லூப் வழியாகச் சுற்றிப் பின்னால் வர வேண்டும். எங்கள் லூப்பின் நீளம் மூன்று வேகன். ஐந்து வந்தால் இரண்டு மிச்சம்.

"மிச்ச ரெண்ட ஸ்டேஷனுக்கு வெளிய நிறுத்துவேன்" என்றேன்.

"வெளிய சரிவுண்ணே. விட்டா உருண்டு உசிலம்பட்டிக்கே போயிரும்."

"கட்டை கொடுப்பேன்ப்பா. யார்டுல சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காம எந்த வேகன விட்டோம்?"

அவன் சிரித்தான். சலீம் பாய் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒரு செஷன். மதுரையிலிருந்து ஐந்து வேகன். மூன்று உரக் கொட்டகைக்கு, இரண்டு மண்டிக்கு. எல்லாம் இறக்கிவிட்டு, அங்கே நிற்கிற காலி வேகன் இரண்டை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டி திரும்ப வேண்டும். பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்குச் சொல்கிற லுஹர் பாங்கு முடிவதற்குள். வேகனில் கை பட்டால் ஒரு தப்பு. வேகம் கூடினால் ஒரு தப்பு. தடம் புரண்டால் ஒரு தப்பு. மூன்று தப்பு ஆனால் எழுமலையைப் பிடுங்கி வட்டம்.

"எஞ்சின யாரு ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"இருக்கதே மூணு பேரு. நான் பாக்கணும். நீங்க ஷண்டிங். டிரைவரு தனசேகரு."

எதிராளியே எனக்கு டிரைவர். வீடு திரும்பும்போது அவன் ஸ்கூட்டரில்தான் வர வேண்டியிருந்தது. இறங்கும்போது, "கோவமாண்ணே?" என்றான். பால் வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஐப்பசி 5, புதன்

வெயில். நேற்று மூட்டம் போட்டதற்கு வட்டியும் முதலுமாக.

மத்தியானம் பஸ்ஸில் நானே பாய் வீட்டுக்குப் போனேன், ஒத்திகைக்கு. பஸ்ஸில் ஒரு அம்மா போனில்: "நான் கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு சொல்லிரு. சாம்பாரு அடுப்புல இருக்குன்னும் சொல்லிரு." இறங்குகிற வரைக்கும் எனக்கு அதே சிரிப்பு.

கட்டை தயார். தீக்குச்சியை ஒரு கடுகு நீளத்துக்கு நறுக்கி, ஒரு பக்கம் சரிவாகச் சீவினது. தனசேகர் கடையை விட்டு வந்திருந்தான், வேடிக்கைக்கு. முதலில் சட்டம் பேசினான்.

"கட்டை வைக்கிறதும் கை வைக்கிறதுதான பாய்?"

சலீம் பாய் யோசித்தார். "கட்டை தண்டவாளத்துல இருக்கு. வேகன்ல கை பட்டாத்தான் தப்பு. கொக்கிய மூங்கில் குச்சியால தட்டி விடுறோம்ல, அது மாதிரி."

வைத்தேன். சரிவில் இரண்டு வேகனும் அசையவில்லை. ஐந்து வேகனையும் சேர்த்துவிட்டேன், ஒரு தப்பு இல்லை. காலி வேகனோடு திரும்பும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தனசேகரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

சடசடவென்று சத்தம். எஞ்சின் மல்லாந்துவிட்டது.

என்ன ஆச்சு தெரியுமா? நான் வைத்த கட்டை. வேகன் இரண்டையும் எஞ்சின் மேட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனபோது கட்டை அங்கேயே தண்டவாளத்தின் மேல் கிடந்திருக்கிறது. நான் எடுக்கவில்லை. திரும்பி வந்த எஞ்சின் அதன் மேல் ஏறிவிட்டது.

தனசேகருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, எதிரி நானு. நீங்களே குண்டு வைக்கிறீங்களே!"

யார்டில் கட்டை ஆள் முழங்கை நீளம் இருக்கும். எடுக்க மறந்தால் காலில் இடிக்கும். இது கண்ணுக்கே தெரியாத கட்டை. ஆனாலும் மறந்தது நான்தான். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சலீம் பாயின் வீட்டம்மா ஜொஹரா சம்சா கொண்டுவந்தார், இறங்கவில்லை எனக்கு. இல்லை, பொய் எழுதக் கூடாது. இரண்டு சாப்பிட்டேன்.

ஐப்பசி 7, வெள்ளி

ராத்திரி நல்ல மழை. காலையில் தெரு கழுவி விட்டது போல். வத்தல் நனைந்தது. முத்தம்மா பேசவில்லை.

நேற்று முழுக்கக் கட்டை யோசனை. கட்டையை மறக்காமல் எடுப்பது எப்படி? சிவப்புப் பெயிண்ட் அடித்தேன், தெரியவில்லை. விரலில் நூல் கட்டினேன், எதற்குக் கட்டினோம் என்று மறந்துபோனது.

இன்று பாய் வீட்டில் டீ குடிக்கும்போது கண்ணில் பட்டது வளையல்.

எங்கள் பலகையில் ஒரு வழக்கம். எழுமலைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவே ஒற்றைத் தடம். அதில் போக வேண்டுமானால் டிரைவர் கையில் வளையல் இருக்க வேண்டும். நிஜ ரயிலில் டிரைவருக்கு வளையம் கொடுப்பார்களே, அதற்குப் பதில் ஜொஹராம்மாவின் பழைய பச்சைக் கண்ணாடி வளையல். ஷண்டிங் ஆள் கொடுக்காமல் டிரைவர் நகரக் கூடாது.

கட்டையில் ஒரு நூல். நூலின் மறு முனையில் வளையல். வளையலைக் கொடுக்க எடுத்தால் கட்டை தானாகக் கூட வந்துவிடும். கட்டை வராமல் வளையல் வராது. வளையல் இல்லாமல் வண்டி போகாது.

டீ ஆறிப்போனது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"என்னண்ணே, எறும்பு கடிச்சிருச்சா?" என்றார் சலீம் பாய். சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "மாஷா அல்லா" என்றார். ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது படியில் நின்று திரும்பி, "நூலு செவப்பா இருக்கட்டும்ணே" என்றார்.

முத்தம்மாவிடம் சிவப்பு நூல் கேட்டேன். காலையிலிருந்து இருந்த மௌனம் கலைந்தது: "எதுக்கு?"

"ரயிலுக்கு."

"பொம்ம ரயிலுக்கு நூலும் வளையலுமா? வளைகாப்பா?" தையல் டப்பாவைத் தூக்கி முன்னால் வைத்தாள். நூலை அவளே பிரித்து, தீக்குச்சியில் முடிச்சும் போட்டுக் கொடுத்தாள். என் விரலில்தான் கட்டு இருக்கிறதே.

ஐப்பசி 8, சனி

தூறல். கண்ணாடி ஸ்குரு வாங்கியாச்சு. மு. ராசி.

தனசேகர் கடை வாசலில்: "நாளைக்கு நான் வேணும்னே கெடுத்துருவேன்னு நெனைக்கிறீங்களாண்ணே?"

"நெனைக்கலப்பா" என்றேன். நினைத்தேன்.

என் கைச் சைகையைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். கையை மேலும் கீழும் ஆட்டினால் வா. பக்கவாட்டில் ஆட்டினால் மெதுவாக. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் நில். "நாலடி தூரத்துல நிக்கிறோம், வாயால சொன்னா ஆகாதா?" என்றான். கஸ்டமர் வந்துவிட்டார்.

தூக்கம் வராது என்று தெரிந்து சீக்கிரம் படுக்கப் போகிறேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

டைரி, ஜெயிச்சாச்சு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இனி நிதானமாகச் சொல்கிறேன்.

பத்தரைக்கு ஆரம்பம். வானம் வெளிர் நீலம், ஒரு மேகம் இல்லை. ஜன்னல் ஓரம் ஸ்டூலில் சலீம் பாய், மடியில் சிலேட்டு. மதுரையில் ஐந்து வேகனும் எஞ்சினும். ஒவ்வொரு வேகனுக்கும் எங்கே போகிறது என்று எழுதின சீட்டு என் சட்டைப் பையில்.

வேகனைக் கோர்த்தாயிற்று. "ரைட்டு, போகலாம்" என்று சொல்லிக் கடைசி வேகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

மூன்று பேரும் அப்படியே நின்றோம். யார்டில் எத்தனை ஆயிரம் வேகனைத் தட்டி அனுப்பிய கை. அதற்கு என்ன தெரியும்.

"தப்பு ஒண்ணு" என்று சலீம் பாய் சிலேட்டில் கோடு போட்டார். தனசேகர் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது.

அவன் பங்குக்கு உசிலம்பட்டி வளைவில் வேகம் கூட்டினான். "தப்பு ரெண்டு." பதினைந்து நிமிஷத்தில் இரண்டு. எழுமலை இன்னும் கண்ணில் படவில்லை.

வேண்டுமென்று செய்தானா? முகத்தைப் பார்த்தேன். வியர்த்திருந்தது. காற்றாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சரிவில் நிறுத்தினோம். கடைசி இரண்டு வேகனுக்குக் கீழே கட்டை வைத்தேன். சிவப்பு நூல் பலகை ஓரமாகத் தொங்க, வளையலை ஆணியில் மாட்டினேன். குச்சியால் கொக்கியைத் தட்டிவிட்டேன். மூன்று வேகன் மட்டும் லூப்புக்குப் போனது. எஞ்சினைக் கழற்றி, சுற்றிப் பின்னால் கொண்டுவந்து, உரக் கொட்டகைப் பக்கம் தள்ள ஆரம்பித்ததும் கரண்ட் போய்விட்டது.

எஞ்சின், தடம் பிரிகிற பாயிண்டில் பாதி ஏறி நிற்கிறது. காற்றாடி நின்றது. கீழே கடையில் யாரோ, "பாய், மோட்டாரு ரெடியா?" என்றார்கள்.

"நேரம் நிக்குமா பாய்?" என்று கேட்டேன்.

"பாங்கு நிக்காதுல்லண்ணே."

அரை மணி நேரம். ஜொஹராம்மா விசிறி கொண்டுவந்து கொடுத்தார். சலீம் பாய் அவர் சின்ன வயதில் வைகையில் வெள்ளம் வந்தபோது கழுதை ஒன்று மிதந்து போன கதை சொன்னார், பாதியில் அது கழுதையா ஆடா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தனசேகர் கதை கேட்கவில்லை. சரிவு அருகே போய்க் குனிந்து, அந்த இரண்டு வேகனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை பலகையின் காலை லேசாகக் காலால் தட்டினான். மறுபடி குனிந்து பார்த்தான்.

"அரை மணி நேரமா நிக்கிதுண்ணே" என்றான். கேலி இல்லை குரலில்.

"நிக்கும்."

"ஒரு தீக்குச்சித் துண்டுக்கு!"

கரண்ட் வந்தது. உரக் கொட்டகையில் மூன்றும் சேர்ந்தாயிற்று. அடுத்து, சரிவில் நிற்கிற இரண்டும். இதுதான் கண்டம். எஞ்சின் மேட்டிலிருந்து இறங்கி அவற்றின் கொக்கியைத் தொட வேண்டும். கொஞ்சம் பலமாக இடித்தால் சக்கரம் கட்டையைத் தாண்டிவிடும். இரண்டு வேகனும் உருண்டு ஓடும், தப்பு மூன்று, எழுமலை காலி. எஞ்சினை ஓட்டுகிற விசையை அவன் கொஞ்சம் கூடுதலாகத் திருகினால் போதும். தெரியாமல் பட்டது என்றால் யார் மறுப்பது?

  பக்கவாட்டில் மட்டும் கையை ஆட்டினேன். மெதுவாக, மெதுவாக.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு விசையைத் திருகினான். எஞ்சின் நகருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு விரல் இடைவெளி. அரை விரல். க்ளிக். கொக்கி விழுந்தது. வேகன் இம்மிகூட அசையவில்லை.

அவன் மூச்சை விட்டது கீழே கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

மண்டியில் இரண்டையும் விட்டோம். காலி வேகன் இரண்டையும் எடுத்து லூப்பில் வைத்து, எஞ்சின் முன்னால் சுற்றி வரும்போது பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது.

அந்த வீட்டில் பாங்கு சொல்லும்போது யாரும் பேச மாட்டோம். டிவிகூட அணைத்துவிடுவார்கள். நான் சலீம் பாயைப் பார்த்தேன். அவர் வாயில் விரலை வைத்தார், பிறகு அதே விரலால் காற்றில் ஒரு சக்கரம் சுற்றிக் காட்டினார். வாய்தான் மூட வேண்டும், சக்கரம் ஓடலாம்.

இனி எல்லாம் கைதான். மேலும் கீழும் ஆட்டினேன், எஞ்சின் வந்தது. பக்கவாட்டில் ஆட்டினேன், மெதுவானது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன், நின்றது. வேண்டாம் என்ற சைகை ஒவ்வொன்றுக்கும் வண்டி கட்டுப்பட்டது. நேற்றுக் கஸ்டமர் வருவதற்குள் காதில் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான், திருட்டுப் பயல்.

கொக்கி மாட்டியாயிற்று. புறப்படு என்று கை காட்டினேன்.

வண்டி நகரவில்லை.

மறுபடி காட்டினேன். பாங்கு ஓடிக்கொண்டிருக்கிறது, பாதிக்கு மேல் போய்விட்டது. அவன் விசையில் கையை வைக்காமல் என்னையே பார்க்கிறான். கடைசியில் கெடுத்துவிட்டானே என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அவன் வலது கையை என் பக்கம் நீட்டினான். உள்ளங்கை விரித்து.

வளையல்.

சந்தோஷத்தில் வளையலை மறந்திருக்கிறேன். ஆணியில் பச்சையாகத் தொங்குகிறது. நூல் சரிவு வரைக்கும் போகிறது, அதன் முனையில் தண்டவாளத்தின் மேல் என் கட்டை. புதன்கிழமை மாதிரியே, அதே இடத்தில்.

ஓடிப் போய் எடுத்தேன். நூல் இழுபட்டது, கட்டை துள்ளி வந்தது. வளையலை அவன் கையில் வைத்தேன், நூலும் கட்டையும் தொங்கத் தொங்க. மூடிக்கொண்டான். வண்டி புறப்பட்டது.

சரிவில் இறங்கி, வளைவு திரும்பி, மெதுவாக, நடக்கிற வேகத்தில், உசிலம்பட்டியில் போய் நின்றது. அதன் பிறகுதான் பாங்கின் கடைசி வரி வந்தது. நாங்கள் அசையாமல் நின்றோம். சலீம் பாய் உதட்டுக்குள் துஆ ஓதி முடித்து முகத்தைத் தடவினார்.

"ரெண்டு தப்பு" என்றார். "மூணு இல்ல."

நான் கத்திவிட்டேன். ஜொஹராம்மா பயந்துபோய் மாடி ஏறி வந்துவிட்டார். தனசேகர் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான், அறுபத்தியெட்டு வயது ஆளை. "எறக்குறா, எறக்குறா!" "மாட்டேன்ணே!" பலகை இடித்து மதுரை யார்டில் இரண்டு வேகன் சாய்ந்தது. அது கணக்கில் இல்லை.

"வளையல மறந்தது நான்ப்பா" என்றேன் கீழே வந்ததும். "நீ பேசாம கிளப்பிருந்தா ஒனக்கு வட்டம் கெடைச்சிருக்கும்."

"வளையல் இல்லாம டிரைவரு எப்படிண்ணே கிளப்புவான்?" என்றான். அதையே இரண்டு தடவை சொன்னான், ஏதோ நான்தான் புரியாமல் கேட்கிற மாதிரி. பிறகு சலீம் பாயிடம், "வட்டத்த பீரோவுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கலாம் பாய். எழுமலைய யாரும் தொடக் கூடாது. பாசஞ்சரு அங்க ஒரு நிமிசம் நின்னு போகட்டும்."

எழுமலைக்குப் பாசஞ்சர்!

வீட்டுக்கு வந்து முத்தம்மாவிடம் எல்லாம் சொன்னேன். பாதி வரைக்கும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கரண்ட் போன கட்டம் வந்ததும் கீரையைக் கீழே வைத்துவிட்டாள். முடிந்ததும் ஒரே கேள்வி: "முடிச்சு அவுறலைல்ல?"

"அவுறல."

"பெறகென்ன" என்றாள், தானே ஓட்டிவந்த மாதிரி.

ஐப்பசி 10, திங்கள்

வெயிலும் காற்றும். வத்தல் காய்ந்தாயிற்று. பெருவிரல் கட்டு அவிழ்த்தாயிற்று.

காலையில் சலீம் பாய் போன்: "அண்ணே, கறுப்புப் பெயிண்டும் பிரசும் வாங்கி வச்சிட்டேன். போர்டு எழுதணும்ல."

"பெயிண்டர் யாரையாச்சும் கூப்பிடுங்க பாய்."

"எழுமலைக்கு ஷண்டிங் பாத்த ஆளுதான் எழுதணும்."

மறுக்க முடியவில்லை. மறுக்க மனசும் இல்லை. வாழ்நாள் முழுக்க எத்தனை ஊர் போர்டை வாசித்திருக்கிறேன், ஒன்றுகூட எழுதினதில்லை. எழுமலைக்கு எங்கேயும் இப்படி ஒரு போர்டு கிடையாது, பார்த்து எழுத. அட்டை இரண்டு விரல் அகலம்தான். கை நடுங்கக் கூடாது. இங்கே பழகிக்கொள்கிறேன், நீ பொறுத்துக்கொள்.

எழுமலை
எழுமலை

இரண்டாவது தேவலை. ழு-வின் வால் கீழே இடிக்கிறது. வாசலில் ஹாரன். தனசேகர்தான், கடையைப் பூட்டிவிட்டே வந்திருக்கிறான்.

"அண்ணே! வாரீங்களா இல்லையா? அங்க பெயிண்டு காயுது!"

"இந்தா வாரேன்ப்பா!" என்று கத்தியாயிற்று. இன்னும் ஒரே ஒரு தடவை, நிதானமாக, போர்டில் எப்படி வரவேண்டுமோ அப்படி

எழும